தலைசிறந்த முதலீட்டாளர் மேற்படியார்

சுற்றறிக்கை என்றால் எல்லோரையும் ஒரு சுற்று சுற்றவிடும் அறிக்கை என்று பொருள். அப்படி ஒன்று ஒரு திங்கட்கிழமை காலை முதலீட்டு ஊக்குவிப்பு இயக்ககத்துக்கு வந்து சேர்ந்தது. 'பொருள்: தலைசிறந்த நிதி வணிகர்கள் மற்றும் முதலீட்டாளர்கள் யார் யார் என விவாதித்துத் தரவரிசைப்படுத்துதல், தொடர்பாக' என்று அதன் தலையில் போட்டிருந்தது. மாதக் கடைசிக்குள் பட்டியல் வேண்டுமாம்.

காரணம் இல்லாமல் இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் தோட்டக்கலைத் துறை போன மாதம் தலைசிறந்த ரோஜாச் செடிகளின் பட்டியலை வெளியிட்டு, அமைச்சரின் பாராட்டைத் தட்டிக்கொண்டு போயிருந்தது. செடிக்கே பட்டியல் இருக்கும்போது பணத்துக்குப் பட்டியல் இல்லையென்றால் துறையின் மானம் என்ன ஆவது?

அந்தச் சுற்றறிக்கையைப் பிரித்து, முத்திரை குத்தி, எண் போட்டு இயக்குநர் மேசையில் வைத்தவள் டெம்பரரி அக்கா. பன்னிரண்டு வருஷமாக அங்கே தற்காலிக எழுத்தர். அவள் வந்து சேர்ந்த பிறகு நிரந்தரமான இயக்குநர்கள் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். நிரந்தரமாக இருந்த கூரை ஒரு மழையில் போய்விட்டது. தற்காலிகமான அவள் மட்டும் அப்படியே இருந்தாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவளை ஒரு நாள் வேலையை விட்டு நீக்கி, மறுநாள் மறுபடியும் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு நாளும் அவள் அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். நீக்க உத்தரவை டைப் அடிக்க வேறு ஆள் கிடையாது.

அவளைப் பணி நிரந்தரம் செய்யும் கோப்பு இயக்குநர் மேசையில்தான் கிடந்தது. ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. அந்தக் கையெழுத்துக்காக அவள் ஏங்கிப் போயிருந்தாள். காய்ச்சல் வந்தால் சம்பளம் போகும், பிள்ளைக்கு அம்மை போட்டாலும் சம்பளம் போகும். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால்கூட வீட்டுக்காரர் 'பர்மனென்டா?' என்றுதான் கேட்பார். அதற்கு அவள் சொல்லும் பதிலைக் கேட்டு அவர் முகம் போகிற போக்கை அவளால் சகிக்க முடியவில்லை.

"இந்தப் பட்டியல் முடியட்டும்மா. முடிஞ்ச அன்னைக்கே உன் கோப்புல கையெழுத்து. எந்தத் தப்பும் நடக்காம பார்த்துக்க" என்றார் இயக்குநர்.

அவள் தலையை ஆட்டினாள். பன்னிரண்டு வருஷத்தில் அந்தத் தலை ஆடி ஆடி நல்ல பழக்கத்துக்கு வந்திருந்தது.

பட்டியலுக்கு ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் இயக்குநர். உறுப்பினர் கணக்கு அதிகாரி. அவரைப் பற்றி ஒரே வார்த்தையில் சொல்வதானால், சாமி வரம் கொடுத்தாலும் கொடுக்காத பூசாரி. சிறப்பு அழைப்பாளராகத் தொலைக்காட்சியில் தினமும் பங்குச் சந்தை பற்றிப் பேசும் நிபுணர் ஒருவர் வந்தார். 'ஏறலாம், இறங்கவும் செய்யலாம்' என்று ஏழு வருஷமாகச் சொல்லிவருகிறார், ஒரு நாள்கூடத் தப்பாகப் போனதில்லை. நடவடிக்கைக் குறிப்பு எழுத டெம்பரரி அக்கா.

"முதல்ல வணிகர்னா யார், முதலீட்டாளர்னா யார்னு வரையறை பண்ணிடணும். அப்புறம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது பாருங்க" என்று ஆரம்பித்தார் இயக்குநர்.

"ரொம்பச் சுலபம் சார். காலையில வாங்கிச் சாயந்திரம் வித்தா வணிகர்" என்றார் நிபுணர்.

"சாயந்திரம் விக்க முடியலைன்னா?"

"அப்ப அவர் முதலீட்டாளர்."

"எவ்வளவு நாளைக்கு?"

"நஷ்டம் தீர்ற வரைக்கும்."

'நஷ்டம் தீரும்வரை வேறு வழியின்றிக் காத்திருப்பவரே முதலீட்டாளர் என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று அக்கா எழுதிக்கொண்டாள்.

"உயிரோட இருக்கிறவங்களைச் சேர்க்கலாமா?" என்று கணக்கு அதிகாரி கேட்டார். "இன்னைக்குத் தலைசிறந்தவர்னு போட்டுட்டு, நாளைக்கு அவர் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டா, தணிக்கையில என்னைத்தான் கேட்பாங்க."

"செத்தவங்களை மட்டும் போட்டா?"

"அது ரொம்பப் பாதுகாப்பு சார். இனிமே அவங்களால நஷ்டப்பட முடியாது."

"ஆனா பரிசு வாங்க மேடைக்கு வர மாட்டாங்களேய்யா. அமைச்சர் யாருக்குக் குடுப்பாரு?"

இதில் முக்கால் மணி நேரம் போயிற்று. பிறகு துணிச்சல் பெரிதா, பொறுமை பெரிதா என்று ஆரம்பித்தார்கள். துணிச்சல்தான் பெரிது என்று இயக்குநர் மேசையைத் தட்டினார். தன் மச்சான் வீட்டு நகையை அடகு வைத்து ஒரே நாளில் பணத்தை இரட்டிப்பாக்கினான் என்று உதாரணம் காட்டினார். மறுநாள் என்ன ஆயிற்று என்று கணக்கு அதிகாரி கேட்டபோது அவருக்கு இருமல் வந்துவிட்டது. பொறுமைதான் பெரிது, என் மாமனார் ஒரு பங்கை இருபத்தெட்டு வருஷம் விற்காமல் வைத்திருந்தார் என்றார் கணக்கு அதிகாரி. அந்தக் கம்பெனி மூடியே இருபது வருஷம் ஆயிற்றே என்று நிபுணர் எடுத்துக் கொடுத்தார். "அப்படியும் விக்கலையே, அதுதான் பொறுமை" என்று கணக்கு அதிகாரி முகம் சிவந்தார். எளிமையும் ஒரு தகுதிதான், தற்புகழ்ச்சி கூடாது, ஆனாலும் தன்னை விட எளிமையான ஆளைத் தான் இதுவரை பார்த்ததில்லை என்று நிபுணர் பணிவாகத் தெரிவித்தார்.

மூன்று மணி நேரம் தொண்டை கிழியக் கத்தியும் ஒரு பெயர் தேறவில்லை. ஒன்றும் தேறாதபோது அலுவலகங்கள் செய்கிற காரியத்தையே இவர்களும் செய்தார்கள். கீழே தள்ளிவிட்டார்கள். அறுபது கிளை அலுவலகங்களுக்கும் ஒரு படிவம் போயிற்று. துணிச்சல், பொறுமை, நேர்மை, எளிமை, குறுகிய கால வணிகம், நீண்ட கால முதலீடு என்று ஆறு பிரிவு, ஆறு வரி. ஒவ்வொரு வரியிலும் சிறந்தவரின் பெயர், ஊர், எந்த நிறுவனத்தில் முதலீடு, என்ன சாதனை என்று நிரப்பி அனுப்ப வேண்டும்.

கிளை அலுவலகங்களுக்கு வேறு வேலை இல்லையா? முதல் வரியில் ஒரு பெயரை எழுதினார்கள். பெரும்பாலும் கிளை மேலாளரின் மச்சான். அதற்குக் கீழே ஐந்து வரியிலும் 'மேற்படியார்' என்று எழுதி, ஊர் 'மேற்படி', நிறுவனம் 'மேற்படி', சாதனை 'மேற்படி' என்று போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார்கள். ஐம்பத்தேழு கிளைகள் இப்படி. மூன்றே மூன்று கிளைகள் உட்கார்ந்து யோசித்து ஆறு பேரை எழுதின. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு அந்த மூன்று கிளைகளுக்கும் மெமோ போயிற்று.

அத்தனை படிவத்தையும் கணினியில் ஏற்றியவள் டெம்பரரி அக்கா. ஏற்றும்போதே அவளுக்கு விரல் கூசியது. ஆனால் படிவத்தில் உள்ளதை உள்ளபடியே டைப் அடிக்க வேண்டும், தற்காலிகப் பணியாளர் சொந்தமாக யோசிக்கலாகாது என்று நிலையான உத்தரவு ஒன்று உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு கடிதத்தில் 'கணம் அமைச்சர்' என்றிருந்ததை 'கனம்' என்று திருத்திவிட்டு மெமோ வாங்கியிருந்தாள். அமைச்சரின் கனத்தைப் பற்றி நீ எப்படிக் கருத்துச் சொல்லலாம் என்று கேட்டிருந்தார்கள். சூடு கண்ட பூனை அல்லவா, உள்ளதை உள்ளபடியே அடித்தாள்.

கணினி கூட்டிப் பார்த்து முடிவைச் சொன்னது. முதலிடம் மேற்படியார், இருநூற்று எண்பத்தைந்து வாக்குகள். இரண்டாமிடம் பெற்றவருக்கு ஒன்பது.

குழு மறுபடி கூடியது. இயக்குநர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கலவரம் ஓடியதை அக்கா கவனித்தாள். பிறகு மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"நான் எதிர்பார்த்ததுதான்" என்றார்.

கணக்கு அதிகாரி ஓரக்கண்ணால் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநருக்குத் தெரிந்த ஆள் தனக்குத் தெரியாது என்றால் நன்றாக இருக்குமா? "வேற யார் வர முடியும் சார்?" என்றார்.

நிபுணர் மட்டும் சும்மா இருப்பாரா? "மேற்படியாரோட ஒரே மேடையில பேசியிருக்கேன். என்ன அடக்கம்! பக்கத்துலயே உட்கார்ந்திருப்பார், இருக்கிறதே தெரியாது."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "சார், ஒரு நிமிஷம். மேற்படியார்னா..."

"என்னம்மா, மேற்படியார் யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" இயக்குநரின் குரலில் ஒரு கூர்மை வந்தது.

"அதில்லை சார். மேற்படின்னா மேலே..."

"மேலேதான்! எல்லாருக்கும் மேலே. அதான் முதலிடம்" என்று முடித்துவிட்டு, தற்செயலாகச் செய்வதுபோல அவளுடைய பணி நிரந்தரக் கோப்பை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அரை அடி தூரம்தான். அந்த அரை அடியைப் பார்த்ததும் அக்கா வாயை மூடிக்கொண்டாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? நீங்களும் நானும் அந்த நாற்காலியில் இருந்தால் அதைத்தான் செய்திருப்போம்.

"ஊர் மேற்படின்னு போட்டிருக்கே" என்றார் கணக்கு அதிகாரி.

"சொந்த ஊர் மேற்படி. அதனாலதான் மேற்படியார்" என்றார் நிபுணர்.

"சாதனையும் மேற்படின்னே இருக்கு."

"அவரோட சாதனைக்கு அவரே அளவு சார். வேற எதோட ஒப்பிட முடியும்?"

முதலீடு செய்த நிறுவனமும் மேற்படி என்றுதான் இருந்தது. ஆனால் படிவக் கட்டின் மேலே இருந்த முதல் படிவத்தின் முதல் வரியில் ஒரு பிளாஸ்டிக் வாளிக் கம்பெனியின் பெயர் இருந்தது. அந்தக் கிளை மேலாளரின் மச்சான் அங்கே வேலை பார்க்கிறார். ஆக, மேற்படியார் தன் பணம் முழுவதையும் வாளியில் போட்டிருக்கிறார் என்று குழு கண்டுபிடித்தது. ஒரே கம்பெனியில் இருநூற்று எண்பத்தைந்து தடவை முதலீடு! என்ன நம்பிக்கை, என்ன உறுதி என்று மூவரும் மாறி மாறி வியந்தார்கள்.

பட்டியல் வெளியாயிற்று. விழாவும் நடந்தது. மேற்படியார் மேடைக்கு வரவில்லை. புகழை விரும்பாத இந்தப் பண்புக்காக எளிமைப் பிரிவில் அவருக்கு இன்னொரு பதக்கம் அங்கேயே அறிவிக்கப்பட்டது. இரண்டு பதக்கத்தையும் அமைச்சர் காலி நாற்காலியின் மேல் வைத்து, அதோடு கைகுலுக்காத குறையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்.

அப்புறம் பிடித்தது பாருங்கள் ஜுரம்! கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். இங்கே கேட்பவன் பாத்திரத்தோடு வந்து வரிசையில் நின்றான். 'மேற்படி வழி' என்று மூன்று நாள் பயிற்சி வகுப்பை நிபுணர் தொடங்கினார். "மேற்படியாரின் ரகசியம் என்ன? தனக்கு மேலே இருக்கிறவர் என்ன செய்தாரோ அதையே செய்வார். அவ்வளவுதான்!" என்று அவர் சொல்ல, கட்டணம் கட்டிய நானூறு பேரும் அதைக் குறித்துக்கொண்டார்கள், பக்கத்து ஆளைப் பார்த்து. முடிவெட்டும் கடையில், பல் மருத்துவமனை வாசலில், லிஃப்டுக்குள் எங்கே பார்த்தாலும் 'மேற்படியார் என்ன சொல்றார்னா' என்றுதான் பேச்சு. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பது யாருக்கும் ஒரு குறையாகத் தெரியவில்லை. வாளிக் கம்பெனிப் பங்கு பன்னிரண்டில் இருந்தது தொண்ணூறுக்கு ஏறியது. வாளியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கம்பெனி முதலாளியே ஒரு வாளியைக் கவிழ்த்துப் பார்த்ததாகக் கேள்வி.

அக்காவின் புருஷன் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவன். ஒரு நாள் சாயந்திரம் வீட்டுக்கு நடந்து வந்தான்.

"வண்டி எங்கங்க?" என்று கேட்டாள் அக்கா.

"வித்துட்டேன். அத்தனையும் வாளி வாங்கியாச்சு."

"அய்யோ! உங்களுக்கு என்ன கிறுக்கா? மேற்படின்னா மேலே சொன்னதுன்னு அர்த்தம்ங்க. அப்படி ஒரு ஆளே கிடையாது. இந்தக் கையாலதான் டைப் அடிச்சேன்."

"இந்தா பாரு, பெரிய மனுஷங்களைப் பத்தி மட்டுமரியாதை இல்லாம பேசாத. எங்க பணிமனை மேனேஜரே வாங்கியிருக்கார்."

"அவர் யாரைப் பார்த்து வாங்கினார்?"

"அவருக்கு மேல இருக்கிறவரைப் பார்த்து."

"அவர்?"

"ஏய், உனக்கு என்ன தெரியும்? நீ டெம்பரரி. சோத்தைப் போடு."

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் சொன்னாலும் எடுபடவில்லை, ஆபீஸில் சொன்னால் கோப்பு அரை அடி தள்ளிப்போகிறது. போகட்டும், கையெழுத்து விழுகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம் என்று இருந்துவிட்டாள்.

கையெழுத்தும் விழுந்தது. பட்டியலுக்கு மேலிடப் பாராட்டு வந்த சந்தோஷத்தில் இயக்குநர் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போட்டுவிட்டார். உத்தரவு அலுவலக வழக்கப்படி லட்சணமாக இருந்தது. மேலே பொருள் என்ற இடத்தில் அவள் பெயரும் பதவியும். கீழே உத்தரவில், 'மேற்படியார் இன்று முதல் பணி நிரந்தரம் செய்யப்படுகிறார்.' அதைப் படித்தபோது அவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு கணக்கு அதிகாரியிடம் ஓடினாள். அவர் பதிவேட்டில் ஏற்றினால்தான் நிரந்தரச் சம்பளம்.

அவர் உத்தரவை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது செல்லாதும்மா."

"ஏன் சார்?"

"மேற்படியாரை நிரந்தரம் பண்ணச் சொல்லியிருக்கு. உன்னை இல்லை."

"சார், அது நான்தான் சார். பன்னிரண்டு வருஷமா எல்லா உத்தரவுலயும் இப்படித்தானே போடுவோம்?"

"அப்ப போட்டது வேற. அப்ப மேற்படியார் யாருன்னு நமக்குத் தெரியாது. இப்ப அரசு அங்கீகாரம் பெற்ற ஒரு ஆள் இருக்கார், ரெண்டு பதக்கம் வாங்கியிருக்கார். அவரோட வேலையைத் தூக்கி உனக்குக் குடுத்துட்டு நான் கம்பி எண்ணணுமா?"

"புது உத்தரவு போட்டா?"

"புதுக் கோப்பு ஆரம்பிக்கணும். போன கோப்புக்கு எத்தனை வருஷம் ஆச்சு?"

"பன்னிரண்டு."

"பார்த்தியா." அவர் கொஞ்சம் இரக்கப்பட்டார். சொல்லப்போனால் அவர் கெட்டவர் இல்லை, கணக்கு அதிகாரி, அவ்வளவுதான். "ஒண்ணு பண்ணு. நான்தான் மேற்படியார்னு ஒரு உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. கோப்புல ஆதாரம் இருந்தாப் போதும், இன்னைக்கே ஏத்திடறேன்."

அக்கா பேனாவை எடுத்தாள். மனசுக்குள் ஏதோ ஒன்று 'வேண்டாம்டி' என்றது. ஆனால் அலுவலகத் தமிழில் பார்த்தால் அது சத்தியமான உண்மை. உத்தரவில் சொல்லப்பட்ட மேற்படியார் அவள்தான், வேறு யாரும் இல்லை. பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவள் ஒரு வரிக்குப் பயந்து திரும்பிப் போவாளா? 'மேற்படியார் என்பவர் நானே என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கணக்கு அதிகாரி அதைத் துளையிட்டுக் கோப்பில் கட்டினார். அவள் நிரந்தரமானாள்.

வீட்டுக்காரரிடம் போய் 'பர்மனென்ட்' என்று சொன்னாள். அவர் முகம் மலர்ந்ததை வாசலிலேயே நின்று ஆசைதீரப் பார்த்தாள். அந்தச் சந்தோஷம் சரியாக ஒன்பது நாள் இருந்தது.

பத்தாம் நாள் யாரோ ஒரு புண்ணியவான் மகள் கல்யாணச் செலவுக்கு வாளிப் பங்கை விற்றான். அவனைப் பார்த்து அவனுக்குக் கீழே இருந்தவன் விற்றான். அப்புறம் எல்லோரும் மேற்படி. தொண்ணூறில் இருந்த விலை சாயந்திரத்துக்குள் ஏழுக்கு விழுந்தது. "நான் அப்பவே சொன்னேனே, ஏறலாம், இறங்கவும் செய்யலாம்னு" என்று நிபுணர் தொலைக்காட்சியில் வருத்தத்தோடு சிரித்தார்.

மறுநாள் அலுவலக வாசலில் நானூறு பேர். புகார் கொடுக்க ஒரே படிவம் ஒட்டப்பட்டிருந்தது. முதல் ஆள் தன் பெயர், முகவரி, போன பணம் எல்லாம் விலாவாரியாக எழுதினார். அவருக்குக் கீழே எல்லோரும் 'மேற்படி' என்று எழுதிவிட்டுப் போனார்கள். யார்மீது புகார் என்ற இடத்தில் 'மேற்படியார்.'

இயக்குநர் அதை வாங்கிப் பார்த்தார். "புகார் குடுத்தவர் மேற்படி. யார் மேலன்னா, மேற்படியார். தன் மேலயே புகார் குடுத்திருக்கார் பாருங்கய்யா! என்ன நேர்மை!" என்று உருகிப்போனார். நேர்மைப் பிரிவில் ஒரு பதக்கம் கொடுத்துக் கோப்பை முடித்துவிடலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. அமைச்சரும் வாளி வாங்கியிருந்தாராம். மேற்படியாரை ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் எதற்கு? கணக்கு அதிகாரி கோப்பைப் பிரித்தார். அரசு ஆவணத்தில் தன்னை மேற்படியார் என்று ஒப்புக்கொண்ட ஆள் ஒருவர்தான் இருந்தார்.

இயக்குநர் அக்காவைக் கூப்பிட்டார். அவர் குரலில் கோபத்தை விட மனத்தாங்கல்தான் அதிகம் இருந்தது.

"நீதானா அது! இத்தனை வருஷம் எனக்குப் பக்கத்துலயே இருந்துட்டு, ஒரு வார்த்தை காதுல போட்டிருக்கக் கூடாதா? நானும் தொண்ணூத்துல வித்திருப்பேனே!"

"சார், நான் அன்னைக்கே சொல்ல வந்தேன். மேற்படின்னா..."

"பேசாத. உன் கையெழுத்து இருக்கு."

"என்னை மறுபடி டெம்பரரியாவே வெச்சுக்குங்க சார். எனக்கு நிரந்தரமே வேண்டாம்."

"டெம்பரரியா இருந்திருந்தா விசாரணையே கிடையாதும்மா. இன்னைக்குப் போ, நாளைக்கு வான்னு முடிச்சிருப்பேன். நிரந்தரப் பணியாளரை அப்படி அனுப்ப முடியாது, விதி இருக்கு." அவர் ஒரு தாளை நீட்டினார். 'மேற்படியார் மறு உத்தரவு வரும்வரை தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார்.' டைப் அடிக்காமல் கையால் எழுதியிருந்தது. டைப் அடிக்கிறவள் அவள்தானே.

அந்தத் தாளோடு அக்கா படி இறங்கினாள். வாசலில் அந்த நானூறு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். செய்தி அவளுக்கு முன்னாலேயே கீழே இறங்கியிருந்தது. செருப்பு வருமோ கல் வருமோ என்று கைப்பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

முன்னால் நின்ற வழுக்கைத் தலைக்காரர் கேட்டார். "நீங்கதான் மேற்படியாரா?"

இனி இழக்க என்ன இருக்கிறது? அவள் பையை இறக்கினாள். இத்தனை நாள் தொண்டையில் நின்றதெல்லாம் ஒன்றாக வந்தது. "இல்லைங்க! மேற்படின்னா மேலே சொன்னதுன்னு அர்த்தம். அப்படி ஒரு ஆளே கிடையாது. எனக்குப் பங்கும் தெரியாது, சந்தையும் தெரியாது. நான் டைப் அடிக்கிறவ. நீங்க அத்தனை பேரும் இல்லாத ஒருத்தரைப் பார்த்துப் பணத்தைப் போட்டிருக்கீங்க!"

கூட்டத்தில் தலைகள் ஆடின. அப்பாடா, ஒரு வழியாகப் புரிந்துவிட்டது என்று அவளுக்கு நெஞ்சு லேசானது.

வழுக்கைத் தலைக்காரர் பின்னால் திரும்பினார். "பார்த்தீங்களா? என்ன அடக்கம்!" என்றார். பிறகு இரண்டடி முன்னால் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போனது போகட்டும்மா. நாங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்கலை. இப்ப எதை வாங்கலாம்? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அக்காவுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஒண்ணையும் வாங்காதீங்க! அவங்கவங்க வீட்டுக்குப் போய்ச் சேருங்க!" என்று கத்தினாள்.

"வீடு" என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

"என்ன சொன்னாங்க?"

"வீடுன்னாங்க."

"வீடு கட்டித் தர்ற கம்பெனியா, வீட்டுக் கடன் குடுக்கிற கம்பெனியா?"

"ரெண்டுலயும் போடுய்யா!"

"எனக்கும் மேற்படி!"

ஒரு நிமிஷத்தில் வாசல் காலியானது. எல்லோரும் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். மாடி ஜன்னலிலிருந்து இயக்குநரும் கணக்கு அதிகாரியும் அவசரமாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவள் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் வீட்டுக் கம்பெனிகள் நாற்பது சதவீதம் ஏறியிருந்தன.

கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. புருஷன். செய்தி கேட்டுப் பதறிப்போய்க் கூப்பிடுகிறான், என்ன இருந்தாலும் கட்டினவன் அல்லவா என்று அவளுக்கு உள்ளே இளகியது. அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"என்னங்க, என்னை வேலையை விட்டு..."

"அது கிடக்கட்டும். ஊருக்கெல்லாம் வீடுன்னு சொல்லத் தெரிஞ்சுதே, கட்டின புருஷன் காதுல ஒரு வார்த்தை முன்னாடியே போட்டு வெக்கணும்னு உனக்குத் தோணலையாடி?"